றபான் அடித்தவரின் பெயர் எங்கே? – ஒரு சைக்கடெலிக் பாட்டு செய்யப்பட்ட கதை

போன வருசம் நாங்கள் ஒரு பாட்டு செய்தோம். கெம்பஸில் ஒரே பட்ச்சைச் சேர்ந்த நாலு பேர், ஒரு கடன் கிற்றார், ஒரு லெப்டொப். ஊரில் பழைய ஆட்கள் பாடும் ஒரு கவியை எடுத்து, அதற்குக் கீழே கொஞ்சம் சைக்கடெலிக் ரொக் மாதிரி ஒலி போடலாம் என்பது யோசனை. றபான் சத்தம் வேணும் என்பதால் அட்டாளைச்சேனையில் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். அவர் விடாமல் நாலு நிமிசம் அடித்தார். நாங்கள் அதில் எட்டு செக்கனை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓட விட்டோம். பாட்டு நல்லா வந்தது. யூடியூப்பில் போட்டோம்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெரியவரின் பேரன் மெசேஜ் போட்டான். ஓ.எல். படிக்கும் பொடியன். "காக்கா, எங்கட மூத்தாப்பாட பேரு எங்க?"

போய்ப் பார்த்தோம். கிற்றார் வாசித்தவர் பெயர் இருந்தது. எடிட்டிங் செய்தவர், கெமராக்காரர், போஸ்டர் அடித்தவர் எல்லாருடைய பெயரும் இருந்தது. றபான் அடித்தவரின் பெயர் இல்லை. வேணுமென்று விட்டதல்ல. அவர் அடித்ததை வெட்டி ஓட விட்ட பிறகு அது எங்களுக்கு ஒரு மனிசன் அடித்த சத்தமாகத் தெரியவே இல்லை. அது ஒரு ஃபைலாக மாறிவிட்டிருந்தது.

அதே நாட்களில் அறையில் இன்னொரு சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகைப் பாட்டெல்லாம் 'அடிச்சிட்டு' போடுகிற பாட்டு, சும்மா இருக்கிறவனுக்கு வராது என்று ஒரு நண்பன். கஞ்சாவும் ஐஸும் எங்கள் கரையோர ஊர்களில் எத்தனை வீட்டுச் சோற்றில் மண் போட்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாங்கள். அந்தப் பேச்சைச் சிரித்துக் கடந்துபோக முடியவில்லை.

இரண்டு சண்டைக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடந்தது: ஒரு பாட்டைச் செய்வது யார்? அதற்குப் பதில் தேடித்தான் 1966க்குப் போனோம். சைக்கடெலிக் ரொக் என்ற வகை உருவான அந்த இரண்டு வருசத்தில், லண்டனில் ஒரு கட்டிடத்துக்குள் என்ன நடந்தது என்று எங்களால் முடிந்த அளவு படித்தோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு நாளில் பத்துப் பாட்டு

பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. அதிலுள்ள 14 பாட்டில் 10 பாட்டை 1963 பெப்ரவரி 11ஆம் திகதி ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். இடம் லண்டன் அபே ரோட்டில் இருந்த ஈ.எம்.ஐ. ஸ்டூடியோ. தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ என்றால் ஒரு கண்ணாடி மாதிரி. மேடையில் என்ன வாசிக்கிறீர்களோ அதைத் திருப்பிக் காட்டும், அவ்வளவுதான்.

மூன்று வருசத்தில் கதை மாறியது. மேடையில் சனம் கத்துகிற கத்தலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்ற நிலை. 1966 ஓகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரிக்குப் பிறகு அவர்கள் டிக்கட் போட்டு மேடை ஏறவே இல்லை. மேடையில் திருப்பி வாசிக்கத் தேவையில்லாத பாட்டுக்கு எல்லை கிடையாது. எதையும் செய்து பார்க்கலாம். சைக்கடெலிக் ரொக் பிறந்த வாசல்களில் இது பெரியது. ஸ்டூடியோ கண்ணாடியாக இருந்தது போய், அதுவே ஒரு வாத்தியமாக மாறியது.

மின்விசிறிக்கு முன்னால் பாடுவது

'ரிவோல்வர்' என்ற இசைத்தட்டுக்காக அவர்கள் முதலில் கை வைத்த பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. 1966 ஏப்ரல் 6ஆம் திகதி தொடங்கினார்கள். அன்றைக்கு அதற்கு அந்தப் பெயர்கூட இல்லை, 'மார்க் 1' என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். பெயர் பிறகு வந்தது. ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாரின் வாய் தவறி வந்த ஒரு சொற்றொடர் அது.

எழுதியவர் ஜோன் லெனன். டிமோதி லியரியும் இன்னும் இருவரும் சேர்ந்து 1964இல் வெளியிட்ட ஒரு புத்தகம் அவர் கையில் கிடைத்தது. திபெத்திய மரண நூல் ஒன்றை எல்.எஸ்.டி. பாவிப்பவர்களுக்கான வழிகாட்டியாகத் திருப்பி எழுதிய புத்தகம் அது. எங்கள் நண்பனின் கட்சிக்கு இது ஒரு பொயின்ட் என்பதை ஒத்துக்கொள்கிறோம். பாட்டின் வரிகள் அங்கிருந்துதான் கிளம்பின.

ஆனால் வரி மட்டும் பாட்டாகாது. சாதாரண பாட்டில் மூன்று நாலு கோர்ட்ஸ் மாறி மாறி வரும். இதில் கிட்டத்தட்ட முழுப் பாட்டும் ஒரே 'சி' கோர்ட்டில் நிற்கிறது. கீழே தம்பூராவின் ரீங்காரம், மேலே விடாமல் ஒரே மாதிரி விழும் ட்ரம்ஸ். மேற்கத்திய காதுக்கு அது புதுசு. எங்கள் காதுக்கு அப்படி இல்லை. பக்கீர்மார் றபானை அடித்து பைத் சொல்லிக்கொண்டு போவதைச் சின்ன வயதில் கேட்டவர்களுக்கு, ஒரே இடத்தில் நின்றுகொண்டே ஆழமாகப் போவது என்றால் என்னவென்று தெரியும்.

லெனன் கேட்டது இதுதான்: தலாய் லாமா ஒரு மலையுச்சியில் நின்று ஓதுவது மாதிரி என் குரல் கேட்க வேணும். மலைக்கு எங்கே போவது? அந்தக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது 20. எங்களை விடக் குறைவு. அந்த வேலைக்கு அவர் வந்து சில நாட்கள்தான். ஹமண்ட் ஓர்கனோடு வரும் லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி அங்கே இருந்தது. உள்ளே ஒலிவாய் சுழன்றுகொண்டே இருக்கும் பெட்டி. எமரிக் லெனனின் குரலை அந்தப் பெட்டிக்குள் அனுப்பி, வெளியே வருவதை மைக்கில் பிடித்தார். பாட்டின் இரண்டாம் பாதியில் கேட்பது அந்தக் குரல்தான். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் மேசை மின்விசிறிக்கு முன்னால் வாயை வைத்து 'ஆ' என்று கத்தியிருக்கிறோம். அதன் பெரியண்ணன் மாதிரி ஒரு விசயம் இது. போதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சுழலும் ஒரு மோட்டார்தான் காரணம்.

ட்ரம்ஸுக்கும் ஒரு வேலை நடந்தது. பேஸ் ட்ரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து அதிர்வை அடக்கினார்கள். நிறுவன விதி அனுமதிக்காத அளவுக்கு மைக்கைக் கிட்டக் கொண்டுபோனார்கள். வந்த சத்தத்தை லிமிட்டர் என்ற கருவியில் நசுக்கினார்கள். இன்றைக்கு எந்தப் பாட்டிலும் ட்ரம்ஸ் நெஞ்சில் இடிக்கிற மாதிரி கேட்கிறதே, அந்த வழி இப்படியான கள்ள வேலைகளால்தான் திறந்தது.

பென்சில் பிடித்தவர்கள்

அடுத்த நாள் ஏப்ரல் 7. போல் மக்கார்ட்னி வீட்டில் ஒரு டேப் ரெக்கோர்டரில் விளையாடிக்கொண்டிருந்தவர். டேப்பில் ஒரு சத்தத்தைப் பிடிப்பது. அந்தத் துண்டைக் கத்தரித்து, இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்குவது. சைக்கிள் செயின் மாதிரி அது சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமும் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். இதைத்தான் 'லூப்' என்றார்கள். அப்படியான வளையங்களை அவர் ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டில் கடற்காகம் கத்துவது போல ஒரு சத்தம் வரும், கேட்டிருப்பீர்கள். அது அவருடைய சிரிப்பு. வேகத்தைக் கூட்டியதால் பறவையானது.

பாட்டுக்கு எடுத்தது ஐந்து வளையங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் ஓட்ட ஐந்து டேப் இயந்திரம் வேணும். ஒரு அறையில் அத்தனை இல்லை. கட்டிடத்தின் வேறு வேறு அறைகளிலிருந்த இயந்திரங்களை வயர் போட்டு இணைத்தார்கள். வளையம் தொங்காமல் இழுபட்டு நிற்க வேணும் என்பதால், ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு ஊழியர் பென்சிலை வளையத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் ஒவ்வொரு வளையத்தின் சத்தத்தையும் கையால் ஏற்றி இறக்கினார்கள். எது எப்போது மேலே வரும் என்பது அந்த நேரத்துக் கை அசைவு. திருப்பிச் செய் என்றால் அதே மாதிரி வராது. இன்றைக்கு நாங்கள் கேட்பது அந்த ஒரு தடவை நடந்ததைத்தான்.

எங்களை நிறுத்தி வைத்தது அந்தப் பென்சில்தான். 1966இல் ஒரு லூப் ஓட வேண்டுமென்றால் அதற்கு ஒரு மனிசன் தேவை. பென்சிலோடு அவர் அங்கே நிற்பதைக் கண்ணால் காணலாம். நாங்கள் லெப்டொப்பில் லூப் போட்டபோது மவுஸை இரண்டு தடவை அமுக்கினோம், முடிந்தது. வேலை சுகமானது நல்லதுதான். ஆனால் வேலை சுகமாகிறபோது வேலை செய்தவர் கண்ணில் படாமல் போகிறார்.

நாலு பாதை மட்டும்

இன்னொன்றையும் சொல்ல வேணும். அபே ரோட்டில் அப்போது இருந்தவை நாலு ட்ரெக் உள்ள இயந்திரங்கள். டேப்பின் அகலத்தில் நாலு பாதை. ட்ரம்ஸுக்கு ஒன்று, கிற்றாருக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று போட்டால் சட்டென்று முடிந்துவிடும். நாலும் நிறைந்தால் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தில் ஒன்றாகவோ இரண்டாகவோ இறக்கி, மிச்சப் பாதைகளைக் காலியாக்குவார்கள். ஆனால் கலந்தது கலந்ததுதான். சோற்றில் கறி பிசைந்த பிறகு பிரிக்க முடியுமா? ட்ரம்ஸ் கொஞ்சம் கூடிப்போச்சு என்று பிறகு குறைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. எங்களிடம் கணக்கில்லாத ட்ரெக் இருக்கிறது. எந்த முடிவையும் தள்ளிப் போடலாம். ஒரு பாட்டை ஏழு மாதம் இழுத்ததற்கு நாங்கள் சொல்லக்கூடிய ஒரே நியாயமும் அதுதான்!

இல்லாமையை வைத்து வேலை செய்ததற்கு நல்ல உதாரணம் 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபோரெவர்'. லெனன் 1966இன் பிற்பகுதியில் ஸ்பெயினில் ஒரு படப்பிடிப்புக்குப் போயிருந்தபோது எழுதத் தொடங்கிய பாட்டு. நவம்பர் 24இல் பதிவு ஆரம்பமானது. முதலில் மெதுவான, மென்மையான ஒரு வடிவம் செய்தார்கள். லெனனுக்குத் திருப்தி வரவில்லை. இன்னும் வேகமாக, ட்ரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்த வேறொரு வடிவம் செய்தார்கள். கடைசியில் அவர், முதல் வடிவத்தின் தொடக்கமும் இரண்டாவதின் முடிவும் பிடித்திருக்கிறது, இரண்டையும் ஒட்டுங்கள் என்றார்.

இரண்டும் வேறு வேகம், வேறு சுருதி. ஜோர்ஜ் மார்ட்டினும் எமரிக்கும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெற்றரி இறங்கிய கெசட் பிளேயரில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். வேகம் குறைய, குரலும் தடித்துக் கீழே இறங்கும். டேப்பின் குணம் அது, வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறி இறங்கும். வேகமான வடிவம்தான் சுருதியிலும் மேலே இருந்தது. அதைக் கொஞ்சம் மெதுவாக்கி, மற்றதைக் கொஞ்சம் வேகமாக்கினால் இரண்டும் வந்து சேரும் என்று கண்டார்கள். டிசம்பர் 22இல் டேப்பை வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி சுமார் ஒரு நிமிசத்தில் அந்த ஒட்டு வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் தரை லேசாகச் சரிகிற மாதிரி இருக்கும். 'கனவு மாதிரி' என்று எல்லாரும் சொல்லும் அந்த உணர்வில் பெரும்பங்கு, ஒரு கத்தரிப்பும் வேகம் மாற்றும் ஒரு திருகியும் செய்த வேலை. குரல் கொஞ்சம் மயங்கிக் கேட்பதும் அந்த வேக மாற்றத்தால்தான்.

1967 பெப்ரவரியில் அது வெளிவந்தது. ஒரு நாளில் பத்துப் பாட்டுச் செய்த அதே குழு, இந்த ஒரு பாட்டுக்கு நாற்பது ஐம்பது மணித்தியாலத்துக்கு மேல் செலவழித்திருந்தது.

கூரையில் ஒருவர்

இப்போது நண்பனின் கட்சிக்கு வருவோம். அவர்கள் போதை பாவித்தார்களா? பாவித்தார்கள், மறைக்கவும் இல்லை. ஆனால் பாட்டு அதிலிருந்து வந்ததா?

1967 மார்ச் 21. 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டுக்கு வேலை நடக்கிறது. 'கெட்டிங் பெட்டர்' பாட்டுக்குக் குரல் பதிவு. லெனன் வேறு ஏதோ மாத்திரை என்று நினைத்து எல்.எஸ்.டி.யை விழுங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரால் நிற்க முடியவில்லை. விசயம் தெரியாத ஜோர்ஜ் மார்ட்டின், காற்று வாங்கட்டும் என்று அவரைக் கட்டிடத்தின் கூரைக்குக் கூட்டிப்போனார். கைப்பிடி உயரமில்லாத கூரை. கீழே இருந்த நண்பர்களுக்கு விசயம் விளங்க, ஓடிப்போய் இறக்கினார்கள். லெனன் அன்றைக்கு அதற்குப் பிறகு பாடவில்லை. உலகப் புகழ் பெற்ற சைக்கடெலிக் இசைத்தட்டின் பதிவு நாட்களில், அந்த மருந்து ஸ்டூடியோவுக்குள் வந்த இந்தச் சம்பவத்தில் நடந்தது வேலை நின்றது மட்டும்தான். அளவு மீறிப் பாவித்த நாட்களில் செய்த இசை கேவலமாக இருந்தது, அடுத்த நாள் திரும்பச் செய்ய வேண்டி வந்தது என்று ரிங்கோவும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதே மாதங்களில், அதே கட்டிடத்தில், பிங்க் ஃப்ளொய்ட் குழு தன் முதல் இசைத்தட்டைச் செய்துகொண்டிருந்தது. தயாரிப்பாளர் நோர்மன் ஸ்மித், எமரிக்குக்கு முன் பீட்டில்ஸின் ஒலிப்பொறியாளராக இருந்தவர். பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சிட் பெரட். அபாரமான திறமைசாலி. அந்த வருசம் முடிவதற்குள் அவர் மேடையில் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார். 1968இல் குழுவை விட்டு விலக வேண்டி வந்தது. மனநலப் பிரச்சினையும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் எல்.எஸ்.டி. அவரை உடைத்தது என்றே கூட இருந்தவர்கள் பேசியிருக்கிறார்கள். 1975 ஜூன் 5இல், அவரை நினைத்து எழுதிய ஒரு நீண்ட பாட்டின் வேலையில் குழு இருந்தபோது, மொட்டைத் தலையும் பருத்த உடம்புமாக ஒருவர் அபே ரோட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். அது பெரட் என்று நண்பர்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. அவருக்கு அப்போது வயது 29.

இதை நண்பனிடம் சொன்னோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் வென்றுவிட்டோம் என்று நினைக்கவில்லை. எண்ணம் ஒரு மனிசனுக்கு எங்கிருந்து வரும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் ஒலி எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். நேரத்துக்கு வந்து, விழித்திருந்து, வயரைப் பொருத்தி, பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடமிருந்து வந்தது.

அட்டையில் 50 முகம், உள்ளே நாலு பெயர் இல்லை

இனி எங்களுக்கு உறைத்த பகுதி.

1965 ஒக்டோபரில் 'நோர்வீஜியன் வுட்' பாட்டுக்கு ஜோர்ஜ் ஹரிசன் சிதார் வாசித்தார். லண்டனில் ஒரு கடையில் வாங்கிய சாதாரண சிதார். கம்பி அறுந்துபோனபோது, புதுக் கம்பி தேடி ஏசியன் மியூசிக் சேர்க்கிள் என்ற அமைப்போடு தொடர்பு வந்தது. அயன அங்காடி என்ற இந்தியரும் அவருடைய ஆங்கிலேய மனைவி பட்ரிசியாவும் நடத்திய அமைப்பு அது. அந்தக் கம்பி வழியாகத்தான் லண்டனில் இருந்த இந்திய வாத்தியக்காரர்கள் அபே ரோட்டுக்குள் வந்தார்கள் என்று சொல்லலாம். 1966 ஏப்ரலில் 'லவ் யூ டூ' பாட்டுக்குத் தப்லா வாசித்தவர் அனில் பகவத். 'ரிவோல்வர்' அட்டையில் அவருடைய பெயர் அச்சானது. கூட வாசித்த மற்றவர்களின் பெயர் வரவில்லை.

1967 மார்ச் 15இல் 'வித்தின் யூ வித்தவுட் யூ' பதிவானது. ஹரிசனின் பாட்டு. மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் வாசிக்கவே இல்லை. தில்ரூபா, தம்பூரா, தப்லா வாசித்தவர்கள் அதே வட்டத்திலிருந்து வந்த இந்தியர்கள். 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டின் அட்டை உலகத்துக்கே தெரிந்தது. எழுத்தாளர், நடிகர், சாமியார், குத்துச்சண்டைக்காரர் என்று 50க்கு மேற்பட்ட முகங்களை ஒட்டி வைத்த அட்டை. உள்ளே ஒரு முழுப் பாட்டைத் தாங்கிப் பிடித்தவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்தப் பெயர்கள் வெளிச்சத்துக்கு வர 50 வருசம் எடுத்தது. 2017ஐ ஒட்டித்தான், தேடிப் போனவர்களின் முயற்சியால் அவை பரவலாகத் தெரியவந்தன: அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார், புத்ததேவ் கன்சாரா, நட்வர் சோனி. தில்ரூபாவுக்கு இருவர், தம்பூராவுக்கு ஒருவர், தப்லாவுக்கு ஒருவர்.

ஹரிசன் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. இந்திய இசையை அவர் உண்மையாக நேசித்தார். ரவி சங்கரிடம் மாணவனாக உட்கார்ந்தார். 1968 ஜனவரியில் 'வொண்டர்வோல்' என்ற படத்தின் இசைக்காக பம்பாய் எச்.எம்.வி. ஸ்டூடியோவுக்கே வந்து பதிவு செய்தார். வெளியே வாகனச் சத்தம் உள்ளே கேட்கும் ஸ்டூடியோ. ஈ.எம்.ஐ.யின் இந்தியப் பொறுப்பாளராக இருந்த பாஸ்கர் மேனன், அவருக்காக இரண்டு ட்ரெக் ஸ்டீரியோ இயந்திரம் ஒன்றைக் கல்கத்தாவிலிருந்து வரவழைத்தார். படத்துக்கான வேலையோடு 'தி இன்னர் லைட்' பாட்டின் வாத்தியப் பகுதியும் அங்கே பதிவானது. வாசித்தவர்களில் ஹரிபிரசாத் சௌராசியாவும் ஆஷிஷ் கானும் இருந்தார்கள். பெப்ரவரியில் லண்டனில் குரல் சேர்க்கப்பட்டு, மார்ச்சில் சிங்கிள் தட்டின் மறுபக்கமாக பீட்டில்ஸ் என்ற பெயரில் வந்தது. அதில் ஒலிக்கும் ஒவ்வொரு வாத்தியத்தையும் வாசித்தது இந்தியக் கைகள்.

நேசம் இருந்தும் பெயர் விடுபடும். இதுதான் எங்களுக்கு உறைத்தது. கெட்ட எண்ணம் தேவையில்லை, வழக்கம் போதும். 'பாட்டு எங்கட, அவர் வந்து வாசிச்சிட்டுப் போனார்' என்று ஒருவர் நினைத்தால் போதும்.

எங்கட பக்கம்

அந்தக் காலத்தில் இங்கே என்ன நடந்தது? இலங்கை வானொலி இருந்தது. 1967இல் அது கூட்டுத்தாபனமாக மாறியது. தமிழ்நாட்டு வீடுகள் வரை கேட்ட வானொலி. தெற்கில் கிளெரன்ஸ் விஜேவர்த்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் சிங்களப் பாட்டுக்குள் மின் கிற்றாரைக் கொண்டுவந்தார்கள். தமிழில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்று பொப்பிசை ஊரூராகப் போனது. இந்தியாவில் ஒரு சிகரெட் கம்பனி நடத்திய சிம்லா பீட் போட்டியிலிருந்து 1970இலும் 1971இலும் இரண்டு ரொக் இசைத்தட்டுகள் வந்தன.

எங்கள் கரையில் மின் கிற்றார் சத்தம் வர நாள் எடுத்திருக்கலாம். ஆனால் பாட்டு இருந்தது. எங்கள் ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. அட்டாளை என்றால் காவல் பரண். சேனைப் பயிரைப் பன்றியும் யானையும் அழிக்காமல் இரவிரவாகப் பரணில் விழித்திருந்தவர்கள் கவி பாடினார்கள். பெண்கள் தாலாட்டிலும் பாய் இழைக்கும்போதும் பாடினார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊரூராகப் போய்த் தொகுத்திராவிட்டால் அதில் பாதி மண்ணோடு போயிருக்கும். அப்படித் தொகுத்த கவிகளின் கீழும் பாடியவர், கட்டியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. யார் கட்டினார் என்று கேட்க, அப்போதே ஆள் இல்லை.

பதிவான கொஞ்சமும் கடலுக்குப் போனது. எங்கள் வீடுகளில் கெசட் பெட்டி இருந்ததாம். கலியாண வீட்டில் பாடியது, றபான், பெருநாள் இரவில் பதிவு செய்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்தப் பெட்டிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேறு மௌத்துகள் இருந்தன. அந்தக் கெசட்டுகளின் மேலாவது யார் யார் பெயர் எழுதியிருந்ததோ, அதுவும் சேர்ந்தே போனது.

பாட்டு கூடுமா கூடாதா என்ற விவாதம் எங்கள் ஊரில் முடியாதது. அதற்குள் இங்கே போகவில்லை. செய்தவனின் உழைப்புக்கும் பெயருக்கும் உரிய ஹக்கைக் கொடுக்க வேணும் என்பதில் இரண்டு பக்கத்தாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறோம்.

போன வெள்ளி பின்னேரம் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். மாப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். "பேரு கெடக்கட்டும் மகன், நான் நாலு நிமிசம் அடிச்சனே, மிச்சத்த என்ன செஞ்ச?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் அடித்த நாலு நிமிசத்தில் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது, கவியின் மூச்சுக்கு ஏற்ற மாதிரி அவர் இடம் விடுகிறார் என்பதை, அன்றிரவு முழு ஃபைலையும் திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் கவனித்தோம். நாங்கள் எடுத்த எட்டு செக்கனில் அது ஒன்றுமே இல்லை.

பெயரை எங்கே போடலாம் என்றும் கேட்டோம். பாட்டுக்குக் கீழே போடுங்க, கட்டுரை கிட்டுரையில எல்லாம் வேணாம் என்றார். அதனால் அந்தப் பெயர் இங்கே இல்லை. யூடியூப்பில் இப்போது முதல் வரியில் இருக்கிறது, கவியைச் சொல்லித் தந்த இரண்டு உம்மாமாரின் பெயரோடு. கவியை முதலில் கட்டியவர் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. அந்த இடத்தில் 'கட்டியவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதினோம். வெறுமனே விடுவதற்கும் அப்படி எழுதுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பாட்டின் புது வடிவம் ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். இந்தத் தடவை றபானில் லூப் இல்லை. நாலு நிமிசமும் அப்படியே போகும். கிற்றார்தான் அவருக்குப் பின்னால் ஓட வேணும். எங்கட ஆளுக்கு இன்னும் கை வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறான்.